உதடு ஒட்டாத பாம்பு: செல்லப் பாம்பின் வாய்ப்புண்ணைக் கண்டுகொள்வது எப்படி?

ஒரே வாரத்தில் இரண்டு பேர் வந்தார்கள். முதலாமவர் மேலப்பாளையத்துத் தம்பி. நண்பனின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, பிளாஸ்டிக் டப்பாவை மடியில் கட்டிப்பிடித்தபடி வந்து இறங்கினார். "அண்ணாச்சி, பாம்பின் மேலுதட்டில் வரிசையாக ஓட்டை விழுந்திருக்கிறது" என்றார். குரலில் அழுகை எட்டிப் பார்த்தது. டப்பாவைத் திறந்தால் கொழுகொழுவென்று ஒரு பால் பைத்தான். அந்தக் குழிகள் அதற்குப் பிறவியிலேயே உள்ளவை. இரையின் உடற்சூட்டை உணர்வதற்கானவை. தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

இரண்டாமவர் பாளையங்கோட்டைக்காரர். பதற்றமே இல்லாமல் வந்தார். "வாயோரத்தில் சாப்பாட்டு மிச்சம் ஒட்டியிருக்கிறது. நான்கைந்து நாளாகப் போகமாட்டேன் என்கிறது" என்றார். டார்ச் அடித்துப் பார்த்தேன். கட்டிதட்டிய சீழ். கீழ் ஈறு முழுவதும் வெந்ததுபோல் சிவந்திருந்தது.

நலமாக இருக்கும் வாய் எப்படி இருக்கும் என்று இருவருக்குமே தெரியவில்லை. ஒருவருக்கு அதனால் ஒரு நாள் தூக்கம் போயிற்று. மற்றவரின் பாம்புக்குத் தாடையே போகும் நிலை வந்தது. நான் மருத்துவன் இல்லை, பல ஆண்டுகளாகப் பாம்பு வளர்ப்பவன், அவ்வளவுதான். புதிதாக வளர்க்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எந்தப் பாம்பைப் பற்றிப் பேசுகிறோம்?

சாரை, மண்ணுளி, மலைப்பாம்பு, நல்ல பாம்பு என்று நம் மண்ணின் எந்தப் பாம்பையும் வீட்டில் வளர்க்க 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தரவில்லை. இங்கே பேசுவது பால் பைத்தான், கார்ன் ஸ்நேக் போன்ற வெளிநாட்டு இனங்களைப் பற்றி மட்டும். பால் பைத்தான் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள இனம். 2024இல் வந்த விதிகளின்படி அதை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவு இல்லாதவர்கள் நோய் வந்த பாம்பை மருத்துவரிடம் கொண்டுபோகத் தயங்கித் தயங்கியே சாகவிடுகிறார்கள். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

(பால் பைத்தான் என்றதும் பக்கத்து வீட்டு ஆச்சி கிண்ணத்தில் பால் கொண்டுவந்து நீட்டினார். பந்துபோல் சுருண்டுகொள்வதால் வந்த ஆங்கிலப் பெயர் அது என்று விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.)

தோட்டத்திலோ குளியலறையிலோ வாய் வீங்கிய பாம்பு ஒன்றைக் கண்டால் குனிந்து பார்க்க வேண்டாம். கண்ணாடி விரியன் முதல் சுருட்டை விரியன் வரை எல்லாம் உலவும் சீமை இது. தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொல்லிவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

படி 1: நல்ல வாயைக் கண்ணுக்குப் பழக்குங்கள்

பாம்பு வாங்கிய முதல் மாதத்திலேயே இதைச் செய்துவிட வேண்டும். நலமான பாம்பின் உதடுகள் ஒரு கோடு இழுத்ததுபோல் முழுநீளத்துக்கும் ஒட்டியிருக்கும். முன்நுனியில் மட்டும் ஒரு சிறு பிளவு இருக்கும். வாயைத் திறக்காமலே நாக்கை நீட்டுவதற்கான வழி அது. அதைப் புண் என்று நினைத்து மருந்து தடவியவர்களும் உண்டு.

உள்ளே பார்க்கத் தனியாகப் பாடுபட வேண்டியதில்லை. இரை விழுங்கி முடித்ததும் பாம்பு தாடையைச் சரிசெய்துகொள்ள இரண்டு மூன்று முறை அகலமாகக் கொட்டாவி விடும். அந்த நேரத்தில் கைப்பேசியில் காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல வாயின் உட்புறம் தோல் உரித்த நுங்குபோல் ஈரமாக மினுங்கும். நிறம் வெளிர் ரோஜா, சில பாம்புகளுக்கு ஏறக்குறைய வெள்ளை. எச்சில் தண்ணீர்போல் தெளிவாக இருக்கும். கீழ்த்தாடையின் நடுவில் சிறு குழாய் வாய் ஒன்று திறந்து மூடுவது தெரியும். அதுதான் மூச்சுக்குழல். பெரிய இரையை விழுங்கும்போது மூச்சு முட்டாமலிருக்க அதை முன்னால் நீட்டிக்கொள்ளும். புதியவர்கள் அதையும் காயம் என்பார்கள். சில பாம்புகளின் வாய்க்குள் கறுப்புத் திட்டு பிறவியிலேயே இருக்கும். அது மாறாமல் இருந்தால் கவலை இல்லை. மாறுகிறதா என்று தெரிந்துகொள்ளவே முதல் மாதப் படங்களைப் பத்திரப்படுத்தச் சொல்கிறேன்.

படி 2: வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம்

இரை கொடுத்து இரண்டு நாளாவது ஆகியிருக்க வேண்டும். சட்டை உரிக்கும் பருவத்தில், கண் பால்போல் மங்கியிருக்கும் நாட்களில் தொந்தரவு செய்ய வேண்டாம். அறை விளக்கைக் குறைத்து, டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் அடியுங்கள். ஈரமும் வீக்கமும் பக்க வெளிச்சத்தில்தான் நிழல் காட்டும்.

நேர் எதிரே நின்று முகத்தைப் பாருங்கள்: இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கின்றனவா? பிறகு வலது உதட்டுக்கோடு, இடது உதட்டுக்கோடு, கடைசியாகத் தாடையின் அடிப்பகுதி. நாக்கு நீளும்போது இரு நுனிகளும் விரிகின்றனவா என்று பாருங்கள். தண்ணீர்க் கிண்ணத்தையும் பாருங்கள். கோழை நூல்போல் மிதந்தால் அது உங்களுக்கான செய்தி. சமையலறைத் தராசில் எடை போட்டு ஒரு நோட்டில் குறித்துவையுங்கள்.

எனக்கு இந்தப் பழக்கம் வந்ததற்குக் காரணம் 2023 டிசம்பர். 17, 18 தேதிகளில் கொட்டிய மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கொக்கிரகுளத்தையும் வண்ணார்பேட்டையையும் மூழ்கடித்தது. எங்கள் தெருவுக்குள் வெள்ளம் வரவில்லை, ஆனால் மூன்று நாள் மின்சாரம் இல்லை. வெப்பப் பாய் அணைந்துபோய், ஊறிய தென்னை நார்த்தூளுக்குள் பாம்பு சுருண்டு கிடந்தது. நம் ஊர்தானே, இங்கே என்ன குளிர் வந்துவிடப் போகிறது என்று விட்டுவிட்டேன். அறையில் 24 டிகிரி இருந்தது. நமக்கு அது சுகம். கூண்டின் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி வரை வேண்டிய பாம்புக்கு மூன்று நாள் அது பட்டினிக்குச் சமம்.

ஜனவரி முதல் வாரத்தில் ஒரு இரவு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தேன். வலது உதட்டுக்கோட்டில் ஒரு நூல் நுழையும் அளவுக்கு இடைவெளி. நாக்கு வெளியே வந்தது. நுனிகள் பிரியாமல் ஒட்டியே வந்தன. திரும்ப உள்ளே போகும்போது உதட்டுக்கும் நாக்குக்கும் இடையே ஒரு எச்சில் இழை நீண்டு, மினுங்கி, அறுந்தது. அவ்வளவுதான். வேறு எந்த அடையாளமும் இல்லை, போன வாரம்தான் இரைகூட எடுத்திருந்தது. அந்த இழையைப் பார்க்காமல் விட்டிருந்தால் அடுத்து நான் பார்த்திருப்பது சீழைத்தான்.

படி 3: அறிகுறிகளை வரும் வரிசையில் தெரிந்துகொள்ளுங்கள்

தொடக்கத்தில் வருபவை சின்னச் சின்ன விஷயங்கள். உதடு ஒட்டாமை, எச்சில் கெட்டியாதல், மூக்கை எதிலாவது தேய்த்தல். ஈறின் ஓரத்தில் குண்டூசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள் தோன்றும். இரையைப் பாய்ந்து கவ்விவிட்டு உடனே விட்டுவிடும். பசி இருக்கிறது, கவ்வினால் வலிக்கிறது. இந்தக் கடைசி அறிகுறியைப் பலர் 'விளையாடுகிறது' என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள்.

இரை எடுக்காததை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். ஆண் பால் பைத்தான் இணைசேரும் பருவத்தில் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும். ஆனால் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் காரணம் எதுவானாலும் மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

அடுத்த கட்டத்தில் சீழ் வரும். நம் புண்ணில் வடிவதுபோல் அது வடியாது. சீழை நீர்ப்பதமாக்கும் திறன் ஊர்வனவற்றின் வெள்ளணுக்களுக்கு இல்லை. அதனால் திரிந்த பால்போல், காய்ந்த இட்லி மாவுபோல் பல்லிடுக்கில் கட்டியாக ஒட்டிக்கொள்ளும். நிறம் மஞ்சளாகவோ சாம்பல் கலந்த வெள்ளையாகவோ இருக்கும். பாளையங்கோட்டைக்காரர் 'சாப்பாட்டு மிச்சம்' என்றது இதைத்தான். இரையின் முடியோ துகளோ ஒட்டியிருந்தால் தண்ணீர் குடித்ததும் அல்லது ஓரிரு நாளில் தானாகப் போய்விடும். போகாதது மிச்சம் அல்ல. இந்தக் கட்டத்தில் உதடு வீங்கும், தொட்டால் இரத்தம் கசியும், கூண்டைத் திறந்ததும் அழுகல் வாடை அடிக்கும்.

முற்றிய நிலையில் பற்கள் கொத்தாக உதிரும். (ஒன்றிரண்டு பல் காகிதத்தில் கிடந்தால் பயப்பட வேண்டாம்; பாம்புக்கு வாழ்நாள் முழுதும் பல் விழுந்து முளைக்கும்.) நோய் தாடை எலும்புக்குள் இறங்கும். கண்ணை மூடியிருக்கும் கண்ணாடிச் செதிலுக்கும் வாய்க்கும் நடுவே கண்ணீர்க் குழாய் ஒன்று ஓடுகிறது. நோய் அதன் வழியே மேலேறினால் கண் புடைத்து மங்கும். சீழ் மூச்சுக்குழலுக்குள் போனால் நிமோனியா: மூச்சில் சீழ்க்கை ஒலி, மூக்கில் குமிழி, தலையை வானத்தைப் பார்த்து நிமிர்த்தியபடி வாய் திறந்து மூச்சு வாங்குதல். அடிவயிற்றுச் செதில்கள் இளஞ்சிவப்பாகச் சிவந்தால் கிருமி இரத்தத்தில் கலந்திருக்கலாம். அதற்குப் பிறகு மறுநாள் காலை வரைகூடக் காத்திருக்காதீர்கள்.

வாயைக் கையால் திறந்து பார்க்கலாமா?

புதியவர்கள் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. இதில் என்னோடு வாதிடும் நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இருபது பாம்பு கையாண்டவர்கள். பாம்பின் பல் மெல்லியது, உள்நோக்கி வளைந்தது. தவறாகத் திறந்தால் ஒடியும், ஒடிந்த இடத்திலேயே புதுப்புண் தொடங்கும். கட்டாயம் பார்த்தே ஆக வேண்டும் என்றால், இன்னொருவர் உடலைத் தாங்கிப் பிடித்திருக்க, கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சுக் குச்சியால் மேலுதட்டின் ஓரத்தை மட்டும் லேசாக உயர்த்துங்கள். ஈறின் விளிம்பு தெரிந்தால் போதும். ஒரு படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுங்கள். தலையைச் சிலுப்பினால் அதோடு நிறுத்துங்கள்.

படி 4: சந்தேகம் வந்த அன்றே செய்ய வேண்டியவை

முதலில் வெப்பமானியைப் பாருங்கள். கையால் தொட்டுப் பார்ப்பது அளவு ஆகாது; கம்பி முனை உள்ள டிஜிட்டல் வெப்பமானி வேண்டும். பாம்பின் எதிர்ப்புச் சக்தி அதன் உடற்சூட்டோடு ஏறி இறங்கும். வாய்ப்புண்ணில் கிடைக்கும் சூடோமோனாஸ், ஏரோமோனாஸ் போன்ற கிருமிகள் சாதாரண நாட்களிலும் வாயிலும் தண்ணீர்க் கிண்ணத்திலும் இருப்பவைதான். உடல் குளிர்ந்து சோர்ந்த பிறகே அவற்றின் கை ஓங்குகிறது. ஆகவே சூடான பக்கத்தை அந்த இனத்துக்கு ஏற்ற அளவின் மேல் எல்லையில் வையுங்கள்: பால் பைத்தானுக்கு 33 டிகிரி, கார்ன் ஸ்நேக்குக்கு 30 டிகிரி அளவில். மறுபக்கம் குளிர்ச்சியாக இருக்கட்டும், அதுவாக இடம் மாறிக்கொள்ளும்.

மின்சாரம் இல்லையென்றால் வெந்நீரைப் பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றித் துண்டில் சுற்றி ஒரு மூலையில் வைத்து, ஆறியதும் மாற்றுங்கள். வெள்ளத்தின்போது எனக்கு இந்த எளிய வழி தோன்றவே இல்லை. அடுப்பில் எரிவாயு இருந்தது, வீட்டில் பாட்டிலும் இருந்தது.

நார்த்தூள், உமி, மரத்தூள் எது இருந்தாலும் அள்ளி வெளியே போட்டுவிட்டு வெள்ளைக் காகிதத்தை விரியுங்கள். எச்சில் கறை, இரத்தத் துளி எல்லாம் அதில் தெரியும். கிண்ணத்தை வெந்நீரில் தேய்த்துக் கழுவித் தினமும் தண்ணீர் மாற்றுங்கள். இரையை நிறுத்துங்கள். வேறு பாம்புகள் இருந்தால் அவற்றைப் பார்த்து முடித்துவிட்டு இதனிடம் கடைசியாக வாருங்கள். ஒவ்வொரு முறையும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். நலமான பாம்புகூட நமக்கு வயிற்றுப்போக்கு தரும் சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கும், வீட்டில் குழந்தை இருந்தால் இது இன்னும் முக்கியம்.

செய்யக் கூடாதவை கைவைத்தியங்கள். மஞ்சள் குழைத்துப் பூசுவது நம் வீட்டு வழக்கம். பாம்பின் வாயில் அது மூச்சுக்குழலை அடைக்கும். ஒருவர் சங்கரன்கோவில் புற்றுமண்ணைக் கரைத்துத் தடவியிருந்தார். கோயிலில் வாங்கி நாம் நெற்றியில் இட்டுக்கொள்வதும் உடம்பில் பூசிக்கொள்வதும் நம் நம்பிக்கை, அதில் நான் தலையிடவில்லை. திறந்த ஈறில் மண் ஒட்டினால் மருத்துவர் அதையும் சேர்த்துச் சுரண்ட வேண்டியிருக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு நல்ல திசுவையும் அரித்துவிடும். பல்குச்சியால் சீழைக் கிண்டினால் இரத்தம் வரும், கிருமி இன்னும் ஆழம் போகும். வீட்டில் மிச்சமிருக்கும் கேப்சூலை உடைத்துக் கொடுப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

படி 5: மருத்துவரிடம்

பாம்பு பார்க்கும் மருத்துவரை நோய் வந்த பிறகு தேடாதீர்கள். திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கோ உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் மருத்துவரிடமோ, ஊர்வனவற்றைப் பார்ப்பார்களா, எந்த நாளில் வர வேண்டும் என்று பாம்பு நலமாக இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நாய், பூனை மட்டுமே பார்ப்பவர் அதை நேரடியாகச் சொல்லிவிட்டால் நன்றி சொல்லி அடுத்தவரைக் கேளுங்கள். எனக்கு ஓரிடத்தில் "இதற்கு மருந்து எதற்கு, ஆற்றோரம் விட்டுவிடுங்கள்" என்று சொன்னார்கள். வெளிநாட்டுப் பாம்பை ஆற்றோரம் விடுவது அதற்கும் கேடு, ஆற்றோரத்துக்கும் கேடு.

பருத்தித் தலையணை உறையில் பாம்பை விட்டு, உறையின் வாயை முறுக்கி முடிச்சுப் போட்டு, துளையிட்ட பெட்டிக்குள் வையுங்கள். உச்சிவெயிலில் கிளம்பாதீர்கள், நிறுத்திய காருக்குள் ஒரு நிமிடமும் விட்டுப்போகாதீர்கள். பஸ் வேண்டாம். முடிச்சு அவிழ்ந்தால் பாம்பை விட டிரைவருக்குத்தான் ஆபத்து.

கூடவே எடை நோட்டு, படங்கள், கூண்டின் வெப்ப அளவு, கடைசியாக இரை எடுத்த தேதி எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். மருத்துவர் சீழை எடுத்துக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பலாம். எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று அதில் தெரியும். தாடை வீங்கியிருந்தால் எக்ஸ்ரே எடுப்பார். மயக்கம் கொடுத்துச் சீழை அகற்றுவதும் உண்டு. எனக்கு எழுதித் தந்தது செஃப்டாசிடைம் ஊசி, 72 மணி நேரத்துக்கு ஒருமுறை. மருந்தின் பெயரை நீங்களே வாங்கிப் போடுவதற்காகச் சொல்லவில்லை. மூன்று நாளுக்கு ஒரு ஊசியா, மருத்துவர் தவறாக எழுதிவிட்டாரா என்று கடைக்காரர் உங்களைக் குழப்புவார். குழம்பாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். ஊசியை உடலின் முன்பகுதியில் போடுவார்கள். பின்பகுதியின் இரத்தம் சிறுநீரகம் வழியாகத் திரும்பும் அமைப்பு பாம்புக்கு இருப்பதே காரணம்.

கழுவும் மருந்து தந்தால், அவர் சொன்ன அளவில் மட்டும் நீர் கலந்து, தலை சற்றுக் கீழே சாய்ந்திருக்கும்படி பிடித்துக் கழுவுங்கள். திரவம் மூச்சுக்குழலுக்குள் போகக் கூடாது. புண் ஆறியதுபோல் தெரிந்ததும் ஊசியை நிறுத்துவது பலரும் செய்யும் தவறு. வாரக்கணக்கில் ஆகும். கூண்டு குளிர்ந்திருந்தால் எத்தனை ஊசி போட்டாலும் வேலை செய்யாது.

திரும்ப வராமல் பார்த்துக்கொள்ள

நம் பக்கத்தில் மழைக்காலத்தைவிட எனக்குப் பயம் கத்திரி வெயில்தான். வெளியே 39 டிகிரி அடிக்கிறது, பாவம் என்று பாம்பைப் படுக்கையறை ஏசியில் கொண்டுவந்து வைப்பார்கள். இரவெல்லாம் 22 டிகிரி, பகலில் ஏசியை அணைத்ததும் 36 டிகிரி. ஏசி அறையில் வைப்பதானால் வெப்பப் பாயும் அதன் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தென்காசி, குற்றாலம் பக்கத்தார் சாரல் மாதங்களில் கூண்டின் ஈரத்தையும் சேர்த்துக் கவனியுங்கள்.

உயிருள்ள எலியை உள்ளே விட வேண்டாம். அது திருப்பிக் கடிக்கும், உதட்டில் விழும் காயமே வாசலாகும். கூண்டுக் கதவு கம்பிவலையாக இருந்தால் பாம்பு மூக்கைத் தேய்த்தே புண்ணாக்கிக்கொள்ளும். கண்ணாடியோ வழவழப்பான பிளாஸ்டிக்கோ நல்லது. உமி மலிவாகக் கிடைக்கிறது என்று பரப்பாதீர்கள், அதன் முனை ஈறில் குத்தும். தாடை மடிப்பிலும் கண்ணோரத்திலும் கறுப்பு மிளகுத்தூள்போல் ஏதாவது நகர்ந்தால் அது சிற்றுண்ணி. இரத்தம் குடித்துப் பாம்பை நலிவடையச் செய்யும், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

என் பாம்பு மார்ச்சில் மறுபடி இரை எடுத்தது. வலது உதட்டுக்கோட்டில் ஒரு சிறு கோணல் மட்டும் நின்றுவிட்டது. இப்போதும் டார்ச் அடிக்கும்போது அந்த இடத்தில் ஒரு கணம் நெஞ்சு திக்கென்கிறது. உடனே ஏப்ரலில் எடுத்த படத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பேன். உங்கள் பாம்பும் இப்படித் தழும்போடு தேறினால், தேறிய வாரத்திலேயே இரு பக்கமும் புதுப்படம் எடுத்துத் தேதி போட்டுவையுங்கள். பழைய படங்கள் இனி அளவுகோலாக உதவாது.